இரண்டாம் பாகம்

ஷுன்பெய் ஆறரைக்கு எழுந்தான். அரிசி களைந்து குக்கரில் வைத்தான். வெந்ததும் முதல் கிண்ணம் சோற்றை இறந்த மனைவி சிஸுருவின் படத்துக்கு முன்னால் வைத்து, ஊதுவத்தி ஏற்றி, மணியை ஒருமுறை தட்டினான். பிறகு தான் சாப்பிட்டான்.

அவளுடைய நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முந்தின நாள்தான் முடிந்திருந்தது. இனி அவள் பொருள்களை உறவினர்கள் நினைவுக்காக ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம். பத்து மணிக்கு அவள் தம்பி நவோகி வந்தான். கைக்கடிகாரத்தையும் சைக்கிளையும் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு வீடியோ கேமை எடுத்தான். நூறு முறை செத்தால்தான் ஒரு படி நகர முடிகிற கேம் வரிசை அது. அவன் எடுத்தது அதன் இரண்டாம் பாகம். அது நல்லதா குப்பையா என்று ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது, இந்த வீடும்தான்.

"இது போதும் அத்தான்."

"மூணாவது எடுத்துக்கோ. அதுதான் நல்லாருக்கும்."

"அக்காவுக்குப் பிடிச்சது இதுதானே? குப்பைன்னு மூணு வருஷமா திட்டினீங்க. இப்ப குப்பைய யாருக்காகக் காவல் காக்குறீங்க?"

"குப்பைதான். சாகச் சாக உயிரையும் கொறைச்சா எவன் ஆடுவான்? இசை மட்டும் பரவால்ல." ஷுன்பெய் கையை நீட்டினான். "ஆனா இதக் கேக்காத."

"ஏன்?"

சிஸுரு எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுக் கண்மூடினாள் என்று மாமியாரிடம் சொல்லியிருந்தான். அது பொய். கடைசி நாள் ஆஸ்பத்திரியிலும் அவர்களுக்குள் நடந்தது இதே சண்டைதான். அவள் உண்மையில் கடைசியாகச் சொன்னதை இப்போது நவோகியிடம் சொன்னான்:

"நீ பாதிகூடத் தாண்டினதில்ல. முழுசா முடிச்சுட்டு வந்து திட்டு, கேட்டுக்கிறேன்."