மலாயாப் படம்

மாமியின் விரல்களுக்கிடையில் செபமாலையைச் சுற்றி முடித்தபோது மேபலால் நிமிர முடியவில்லை. நேற்று மத்தியானம் மாமி கண்ணை மூடியதிலிருந்து அவள் உட்காரவேயில்லை. கொட்டாஞ்சேனையின் அந்தச் சின்ன வீட்டுக்குள் ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள். இனி மாதா கோயில் மணி அடித்ததும் பெட்டியை மூட வேண்டியதுதான்.

மாமியின் மகள், மச்சாள் திரேசம்மா, தாயின் தலையணைக்கடியிலிருந்து அந்தப் பேப்பர்த் துண்டை எடுத்து வந்தாள்.

ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்த நேரம் பேப்பரில் போட்ட படம். தெரு நிறைய ஆட்கள் ஓடுகிறார்கள்; பின்னால் புகை. ஓரத்தில் முகத்தைத் திருப்பி நிற்பவன் தன் மகன் கிளெமென்ற்தான் என்றார் மாமி. கோலாலம்பூர் ரெயில்வேயில் கிளாக்கராக இருந்த அவனிடமிருந்து அதற்குப் பிறகு கடிதம் இல்லை. மாமி பால்காரனுக்கும் காட்டினார், கோயில் சுவாமியாருக்கும் காட்டினார். விரல் பட்டுப் பட்டு அந்த முகம் மட்டும் வெளிறிப் போயிற்று.

மேபலின் கண்ணில் பட்டவர்கள் மற்றவர்கள்: வெறுங்காலோடு ஒரு கிழவர், பிள்ளையை மூட்டைபோலக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருத்தி. அந்தத் தெருவில் தன் புருஷன் நிற்கக்கூடாது. "அது அவரில்லை, மாமி" என்று ஒவ்வொரு முறையும் சொல்லி வந்தாள்.

"அம்மாவின்ர நெஞ்சில வைப்பம். சாகுமட்டும் பாத்துக்கொண்டு கிடந்தவ," என்றாள் திரேசம்மா.

"வேண்டாம் மச்சாள். உயிரோட இருக்கிற ஆளின்ர படத்தைப் பெட்டிக்குள்ள வைக்கிறேல்லை."

"நீதானேயடி ரெண்டு வருஷமா அவனில்லை, அவனில்லை எண்டு அம்மாவோட வாதாடினனீ? ஆரோ ஒருத்தன்ர படம் எண்டால் உனக்கென்ன?"

விசிறிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரியின் கை நின்றது.

அவரில்லை என்றால் படம் பெட்டிக்குள் போகும். அவர்தான் என்றால், தன் வாயாலேயே அவரை அந்தப் புகைக்கு முன்னால் நிறுத்த வேண்டும்.

"அவர்தான்," என்றாள் மேபல். "தாங்கோ மச்சாள்."

திரேசம்மா கொடுத்தாள்.

பெட்டியைச் சுற்றிக் குடும்பத்தை நிறுத்திப் படமெடுக்க வந்திருந்த ஸஹாப்தீன் நானா, வெளிச்சம் போதாதென்று, யுத்த இருட்டடிப்புக்காகக் கறுப்புக் கடதாசி ஒட்டிய ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார்.

"கமெரா பிளேட்டுக்குத் தட்டுப்பாடு. ஒண்டுதான் எடுப்பேன். ஆரும் அசையாதீங்க."

ஆட்கள் நெருங்கி நின்றார்கள். மகன் நிற்க வேண்டிய தலைமாடு வெறுமையாகக் கிடந்தது.

"தங்கச்சி, அங்கிட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இடம் சும்மா கிடக்கு."

"அது கிடக்கட்டும், நானா. எடுங்கோ," என்றாள் மேபல்.

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு கறுப்புத் துணிக்குள் தலையைப் புகுத்திக்கொண்டார்.