காப்பு கட்டிய ஊர்

"கத்தாதடி! மோளக்காரன் காதுல வுழுந்துதுன்னா ஊரே வாசல்ல வந்து நிக்கும்" என்று சொல்லி, வேலம்மாள் தன் முந்தானையைச் சுருட்டி மருமகளின் வாயில் திணித்தாள்.

வசந்தாவுக்கு விடியும்போதே இடுப்பு வலி எடுத்துவிட்டது. துணியைக் கடித்துக்கொண்டு, சுவரில் நெற்றியை முட்டியபடி நின்றாள். பிள்ளை பெறுவது குற்றமா என்று கேட்டால், மற்ற நாட்களில் குற்றமில்லை. முந்தின நாள் சாயங்காலம் மாரியம்மனுக்குக் காப்பு கட்டிவிட்டார்கள், அதுதான் வினை. காப்பு கட்டிய பிறகு வெளியாள் ஊருக்குள் வரக்கூடாது. ஊருக்குள் பிரசவமும் நடக்கக்கூடாது. பிரசவத் தீட்டு பட்டால் அம்மன் கோபித்துக்கொள்வாள், வாந்திபேதி இன்னும் நாலு வீட்டுக்குள் புகுந்துவிடும் என்பது ஊராரின் கணக்கு. தெருமுனையில் இரண்டு பனை மரங்களுக்குக் குறுக்கே வேப்பிலை செருகிய கயிற்றைக் கட்டி, அதுதான் எல்லை என்று வைத்திருந்தார்கள். வசந்தாவின் புருஷன் செல்லப்பன் கையிலும் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. கரகம் எடுப்பவன் என்பதால் திருவிழா முடியும்வரை அவன் வீட்டு வாசற்படி மிதிக்கக் கூடாது.

தேசம் தேசமாகப் போய்க்கொண்டிருந்த காலரா, எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம் மரக்காணம் உப்பளத்துப் பக்கமும் வந்து சேர்ந்தது. அளத்தில் உப்பு வாரும் ஜனங்களுக்கு நல்ல தண்ணீர் எப்போதுமே தூரம். கோயில் குளத்துத் தண்ணீரைத்தான் குடித்தார்கள், அதைக் குடித்துத்தான் செத்தார்கள். கர்ப்பிணிப் பெண்கள் ரெண்டு பேர் ஒரே வாரத்தில் போன பிறகு, திண்டிவனத்திலிருந்து தாய்மார் துணை மன்றம் என்று ஒன்று ஜீப்பில் வந்து இறங்கியது. மில் முதலாளியின் மனைவி அதற்குத் தலைவி. ஊர்த்தலைவர் அப்பாதுரை கோயிலுக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். தகரக் கொட்டகை எழும்பியது. உள்ளே ரெண்டு இரும்புக் கட்டில், பெட்டி பெட்டியாக சலைன் பாட்டில், பால்பவுடர் டின். மரக்காணத்திலிருந்து தினமும் சைக்கிளில் வந்துபோக அன்னமேரி என்கிற நர்சு.

வசந்தாவின் முதல் பிள்ளை உப்பள வரப்பில் பிறந்து, அழாமலேயே போய்விட்டது. அதனால் அந்த இரும்புக் கட்டிலைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை. இந்தப் பிள்ளையையாவது அதில் படுத்துப் பெற வேண்டும், அது அழுவதைக் காதால் கேட்க வேண்டும். அன்னமேரியும், "வலி வந்ததும் நேரா இங்க வந்துடு, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தாள்.

அதற்குள் காப்பு வந்துவிட்டது. கொட்டகையைத் திருவிழா முடியும்வரை மூட வேண்டும் என்றார் அப்பாதுரை. அன்னமேரி சண்டை போட்டாள். தலைவியம்மாள்தான் அவளை அடக்கினாள்.

"ஜனங்களோட நம்பிக்கையை நாம மதிக்கணும் அன்னமேரி. பகைச்சிக்கிட்டா அப்புறம் சேவை செய்ய முடியாது."

சேவை செய்ய வந்தவள் கொட்டகையைப் பூட்டிச் சாவியை அப்பாதுரையிடமே கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினாள். நம்பிக்கையை மதித்தாயிற்று. கர்ப்பிணிகளை யார் மதிப்பது என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மருமகளை அடக்கிப் பார்த்து முடியாமல், வேலம்மாள் கோயிலடிக்கு ஓடினாள். அப்பாதுரை மணிக்கட்டில் காப்புக் கயிறோடு பந்தல் காலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"தலைவரே, சாவியைக் கொஞ்சம் குடுங்க. புள்ளைக்கு வலி கண்டுடுச்சி. சத்தமில்லாம முடிச்சிக்கறோம்."

"இன்னா பேசற வேலம்மா? அம்மாவுக்கு எதிர்க்கயே தீட்டா? ஒரு வூட்டுக்காக ஊரையே பலி குடுக்கச் சொல்றியா?"

"அவளும் ஊருதானுங்களே."

"அவங்க அம்மா வூடு எக்கியார்குப்பந்தானே? கூட்டிட்டுப் போ. கெளம்பு, நேரமாக்காதே."

அம்மா வீட்டுக்குப் போவது என்னமோ மறு தெருவுக்குப் போவது போலச் சொல்லிவிட்டார். வெயிலில், உப்புப் பாத்திகளுக்கு நடுவே, வழுக்கும் வரப்பில், வலியோடு ஒருத்தி நடக்க வேண்டும். வசந்தா நடந்தாள். பத்தடிக்கு ஒருதரம் உட்கார்ந்தாள். எதிர்க்காற்றில் உப்புத்தூள் கண்ணில் அப்பியது. வேலம்மாள் ஒரு கையில் தண்ணீர்க் குடத்தையும் மறு கையில் மருமகளையும் தாங்கிக்கொண்டு, தெரிந்த சாமியையெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள்.

குப்பத்து முனைக்கு வந்ததும் இருவரும் நின்றுவிட்டார்கள். அங்கேயும் ஒரு கயிறு, அதிலும் வேப்பிலை. எக்கியார்குப்பத்திலும் காப்பு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் வசந்தாவின் அண்ணன் ராமதாஸ் மஞ்சள் வேட்டியோடு நின்றான்.

"அண்ணே..."

"வராதம்மா, அங்கியே நில்லு! வெளியூராளு உள்ள வரக்கூடாதுன்னு நேத்து சத்தியம் வாங்கிட்டாங்க."

"நான் வெளியூராளாண்ணே?"

ராமதாஸின் கண் கலங்கியது உண்மை. ஓடிப்போய் ஒரு பாயும் ஒரு செம்புத் தண்ணீரும் கொண்டுவந்து, கயிற்றுக்கு அடியில் தள்ளிவிட்டதும் உண்மை. கயிற்றை மட்டும் அவன் தொடவில்லை.

பிறந்த ஊர் சேர்க்கவில்லை, புகுந்த ஊர் துரத்திவிட்டது. ரெண்டு ஊர் அம்மனும் நடுவில் விட்டுவைத்த இடம் உப்பளம்தான். வரப்பின் ஓரத்தில் காவல்காரன் படுக்கும் கீற்றுக் கொட்டகை ஒன்று காலியாகக் கிடந்தது. வேலம்மாள் அதில் பாயை விரித்தாள்.

"இங்கியா அத்தே? மறுபடியும் இங்கியேவா?" என்று கேட்டு வசந்தா வாய்விட்டு அழுதாள். இப்போது அவள் வாயைப் பொத்த யாரும் தேவைப்படவில்லை.

நல்லவேளையாக செல்லப்பனுக்குக் கொஞ்சம் புத்தி மிச்சமிருந்தது. வழக்கம்போல வந்து கயிற்றுக்கு வெளியே நின்று கத்திக்கொண்டிருந்த அன்னமேரியிடம் ஓடி, "உப்பளத்துப் பக்கம் போயிருக்காங்க நர்சம்மா, சீக்கிரம் போங்க" என்று சொன்னான்.

"நீ வரலையா?"

அவன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினான். அன்னமேரி வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தாள்.

பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. முதலில் சத்தமே இல்லை. வசந்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு அன்னமேரியின் முகத்தையே பார்த்தாள். அன்னமேரி குழந்தையைக் கவிழ்த்து முதுகில் தட்டினாள், மறுபடி தட்டினாள். அப்புறம் அது அழுதது. உப்பளம் முழுக்கக் கேட்கும்படி அழுதது. வேலம்மாள் கீற்றில் சாய்ந்து உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

சந்தோஷம் ராத்திரிவரைகூட நிற்கவில்லை. வசந்தாவுக்கு உதிரப்போக்கு நிற்காமல் ஜுரம் வந்தது. "ரெண்டு பாட்டில் ஏத்தினா எழுந்துடுவா. மரக்காணத்துல ஒண்ணுகூட மிச்சமில்ல, இங்க பெட்டி பெட்டியா கொட்டகையில பூட்டி வெச்சிருக்கு" என்று அன்னமேரி பல்லைக் கடித்தாள். கயிற்றடிக்குப் போய் ஆள் விட்டுக் கேட்டாள். திருவிழா முடியட்டும் என்று பதில் வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே மருந்தே வந்தும் சாவி வரவில்லை. உப்பும் சர்க்கரையும் போட்ட வெந்நீரை வாயில் ஊற்றி ஊற்றியே வசந்தாவை அவர்கள் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஊரில் கூழ் ஊற்றினார்கள். முந்தின நாளே காய்ச்சி வைத்த கெட்டிக் கூழை, குளத்திலிருந்து குடம் குடமாக மொண்டுவந்த பச்சைத் தண்ணீரில் கரைத்து, அம்மனுக்குப் படைத்து, வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் ஊற்றினார்கள். குளத்துத் தண்ணீரைக் காய்ச்சாமல் தொடாதீர்கள் என்று அன்னமேரி எத்தனையோ தரம் சொல்லியிருந்தாள். அம்மன் பிரசாதத்துக்கு அது பொருந்தாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். எல்லையில் நுழையாமல் தடுத்த நோயைக் கோயில் வாசலில் வைத்தே கலயத்தில் வாங்கிக் குடித்தார்கள்.

மறுநாள் காலையில் ஒரு மாட்டு வண்டி உப்பளத்துப் பாதையில் தடதடவென்று வந்தது. அப்பாதுரை மேல்துண்டுகூட இல்லாமல் குதித்தார். வண்டிக்குள் அவர் மருமகள் பாப்பாத்தி, ஏழு மாசக் கர்ப்பிணி, துவண்ட கீரைத்தண்டு போலக் கிடந்தாள். கண் குழிந்து, உதடு வெளுத்திருந்தது.

"நர்சம்மா, காப்பாத்துங்க. விடியகாலத்துலேர்ந்து வாந்தி, பேதி. முதல் பேரப்புள்ள வயித்துல இருக்குது."

அன்னமேரி நாடியைப் பிடித்தாள். "சலைன் ஏத்தணும். அது எங்க இருக்குதுன்னு உங்களுக்கே தெரியும்."

"வாங்க, இப்பவே தொறக்கறேன்."

"நான் வெளியாளாச்சே."

"அம்மா உத்தரவு குடுத்துட்டா. காலையில சன்னிதியில பூக்கட்டிப் பாத்தோம், வெள்ளப்பூ வந்துது."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது மனிதருக்குத்தான் பொருந்தும் என்று வேலம்மாள் அதுவரை நினைத்திருந்தாள். அம்மனுக்கும் பொருந்தும் போலிருக்கிறது. "ரெண்டு நாள் முன்ன எம்மருமவளுக்குப் பூக்கட்டிப் பாத்தீங்களா தலைவரே?" என்றாள்.

அன்னமேரி குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கினாள். "வசந்தாவுக்கு ஜுரம். இவளை வுட்டுட்டு நான் வரமாட்டேன். இவளும் வருவா, குழந்தையும் வரும். சம்மதமா?"

வண்டிக்குள் பாப்பாத்தி முனகினாள். அப்பாதுரை தலையாட்டினார்.

வேப்பிலைக் கயிறு வண்டி மாட்டின் கொம்பில் இடித்தது. ஜனங்கள் பார்த்துக்கொண்டு நிற்க, ஊர்த்தலைவர் தன் கையாலேயே கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். பிள்ளை பெற்றவள், பிறந்த குழந்தை, தொட்ட கிழவி, வெளியூர் நர்சு என்று அவ்வளவு தீட்டும் அதன் அடியில் ஒன்றாக உள்ளே போயிற்று. வானம் இடிந்து விழவில்லை. மேளக்காரன்கூட அடிப்பதை நிறுத்தவில்லை.

இரும்புக் கட்டில் ஒன்றில் பாப்பாத்தியும் மற்றதில் வசந்தாவும் படுத்தார்கள். ரெண்டு பேருக்கும் பாட்டில் ஏறியது. கூழ் குடித்த இன்னும் பலரைக் கொட்டகை வாசலில் வரிசையாகப் படுக்கவைத்தார்கள். சிலர் பிழைக்கவில்லை. பாப்பாத்தியும் அவள் வயிற்றுப் பிள்ளையும் பிழைத்தார்கள். வசந்தாவின் ஜுரமும் இறங்கியது.

சேதி திண்டிவனத்துக்கு எட்டிய வேகத்தில் ஜீப் வந்துவிட்டது. தலைவியம்மாள், பின்னால் போட்டோகிராபர், அவர் பின்னால் சரிகைப் பொன்னாடை. கொட்டகைக்குள் கட்டில்களுக்கு நடுவே அப்பாதுரையை நிறுத்தி, "மூடநம்பிக்கையைத் தன் கையாலேயே தகர்த்தெறிந்த முற்போக்காளர்" என்று பேசிப் பொன்னாடையைப் போர்த்தினாள். வாசலில் நின்றவர்கள் கைதட்டினார்கள். செல்லப்பனும் தட்டினான். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று வேலம்மாள் அப்பாதுரையின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். அவர் பொன்னாடையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

"நம்ம மன்றத்தோட முதல் குழந்தை இல்லையா! ஐயா கையில குழந்தையைக் குடும்மா, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்" என்றாள் தலைவியம்மாள்.

அப்பாதுரை சிரித்தபடி இரண்டு கையையும் நீட்டினார்.

வசந்தா எழுந்து உட்கார்ந்தாள். குழந்தையை மார்போடு சேர்த்து, முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"தொடாதீங்க தலைவரே. பச்சப்புள்ள, தீட்டு. உங்க கையில இன்னும் காப்பு இருக்குது."

பக்கத்துக் கட்டிலில் பாப்பாத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். போட்டோகிராபர் கேமராவை இறக்கினார். பொன்னாடை போர்த்திய ஊர்த்தலைவர், நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.