ஜூரேமா அக்காவின் கத்தரிக்கோல்

1.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: நான் ஒரு செடியைக் கொன்றுவிட்டேன். இந்தக் கதை அதன் தொட்டியிலிருந்துதான் முளைத்தது.

தொடக்கம் அ: "பெட்ரோபோலிஸ் மலையில் மூடுபனி இறங்கிய ஒரு காலையில்—"

[வேண்டாம். இங்கே எல்லாக் காலையிலும் மூடுபனிதான்.]

தொடக்கம் ஆ: "என் மனைவி தால்வா இறந்து ஓராண்டுக்குப் பின்—"

[இதுவும் வேண்டாம். அவளைச் சாகடித்தால் நீங்கள் அழுவீர்கள் என்று ஒரு நப்பாசை. தால்வா லிஸ்பனில் மகள் வீட்டில் பேரனைக் குளிப்பாட்டிக்கொண்டு நன்றாகவே இருக்கிறாள். போய் எட்டு மாதம். வருகிற ஞாயிறு திரும்புகிறாள். கதையின் பயங்கரமே அதுதான்.]

2.

செடி, பிரம்பு பிகோனியா. மூங்கில்போலக் கணுக்கணுவாய்த் தண்டு. இலைமேல் வெள்ளிப் புள்ளிகள், அடியில் கருஞ்சிவப்பு. தேனிலவுக்குத் தங்கிய விடுதி முற்றத்தில் ஒரு துண்டை ஒடித்து, என் தொப்பிக்குள் ஒளித்துக் கொண்டுவந்தாள் தால்வா. திருடிய தண்டுதான் வேர்விடும், கேட்டு வாங்கினால் அழுகிவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். முப்பத்தாறு ஆண்டு, ஐந்து வாடகை வீடு. ஒவ்வொன்றிலும் முதலில் அதற்குச் சன்னல் பார்ப்பாள், கட்டில் பிறகுதான்.

"மண்ணு காஞ்சப்புறம் தண்ணி ஊத்து. அவ்வளவுதான் உன் வேலை" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

(அடிக்குறிப்பு மாதிரி: தண்ணீரில் நான் தப்புச் செய்யவில்லை. பழக்கதோஷத்தில் தினமும் இரண்டு பேருக்குக் காப்பி வடித்தேன். அவள் கோப்பையை யாருக்குக் கொடுப்பது? சன்னலோரம் இருந்தது அவள் செடி மட்டும்தான். எட்டு மாதம் கொடுத்தேன். வேர் அழுகிப்போயிற்று.)

நேற்றுத் தொலைபேசியில்:

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கேன்."

"உன்னை யாருய்யா கேட்டா?"

3.

அந்தச் செடிக்கு உயிரோடு ஒரே ஒரு வாரிசு உண்டு, கீழ்வீட்டு ஜூரேமா அக்காவிடம். பதினோரு ஆண்டுக்கு முன் எங்கள் செடியை மாடிப்படியில் வெயிலுக்கு வைத்திருந்தபோது ஒரு தண்டைக் களவாடிவிட்டாள். தால்வா அன்று நிறுத்திய பேச்சுதான். [விடுதித் தொப்பியைப் பற்றி அப்போதே நான் நினைவூட்டியிருக்கலாம். எனக்கு அவ்வளவு வீரம்—]

இன்று மாலை போனேன்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை தால்வா வர்றா. உங்க செடியில ஒரு தண்டு..."

"வாயை மூடு தம்பி! கேட்டுட்டா அப்புறம் எப்படி வேர் புடிக்கும்?"

"அப்ப என்னதான் பண்றது?"

"இந்த மூளையை வச்சுக்கிட்டுத்தான் கதை எழுதுறியா?" கத்தரிக்கோலை எடுத்துத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். "நான் காப்பி போடப் போறேன். மெதுவாத்தான் போடுவேன்."

அடுக்களை வாசற்படியில் நின்றாள், திரும்பிப் பார்க்கவில்லை.

"அவ இன்னும் என்மேல கோவமாத்தான் இருக்காளா?"

4.

முடிவு அ: தால்வாவிடம் எதையும் சொல்லாமல் சமாளிக்கிறேன். [ஆளுயரச் செடி இருந்த இடத்தில் சாண் நீளக் குச்சி. நடக்காது.]

முடிவு ஆ: எல்லாவற்றையும் சொல்கிறேன், அந்த இரண்டாவது கோப்பை உட்பட. அவள் சண்டைபோடக் கீழே இறங்குகிறாள், இருட்டும்வரை திரும்பவே— [இது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனாலேயே நம்பப் பயமாக இருக்கிறது.]

கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டிவிட்டேன். தொப்பிக்குள் இருக்கிறது. அடுக்களையில் தண்ணீர் எப்போதோ கொதித்துவிட்டது. அக்கா வேண்டுமென்றே பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருக்கிறாள். இப்போது குரல் வருகிறது:

"தம்பி, ஞாயித்துக்கிழமை எத்தனை பேருக்கு வடிக்கட்டும்?"

நீங்களே பதில் சொல்லுங்கள். எனக்கு இரண்டுக்கு மேல் வடித்துப் பழக்கமில்லை.