நீலம் குடித்த செல்கள்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு 'அவசரக்குடுக்கை' என்று பெயர். வைத்த பேராசிரியர் ஒன்றும் தப்பாக வைத்துவிடவில்லை.

நேற்று என்ன செய்தாள், கேளுங்கள். சின்னச் சின்னக் குழிகள் உள்ள ஆய்வுத் தட்டில் நோயெதிர்ப்பு செல்களை வளர்த்து, கிருமியின் துணுக்கைப் போட்டுச் சீண்டினாள். சீண்டினால் அவை வீக்கத்தைக் கிளப்பும் ரசாயனத்தைக் கக்கும். பாதிக் குழிகளில் மட்டும் ஒரு வேலிச்செடியின் இலைச்சாற்றைச் சேர்த்திருந்தாள். அந்தக் குழிகளில் ரசாயனம் சுத்தமாக இல்லை! அவளுக்குத் தலைகால் புரியவில்லை. செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். வாய் கேட்டால்தானே? உடனே அக்காவுக்குப் போன் போட்டு, வீக்கத்துக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டாள்.

அக்காவுக்கு ஆறு வருஷமாக மூட்டுவாதம். காலையில் விரல்கள் வீங்கி மடங்காது. சட்டைப் பித்தானைக்கூட மாமாதான் போட்டுவிட வேண்டும். அந்தச் செடியோ அக்கா வீட்டு வேலியிலேயே நிற்கிறது.

இன்று காலை சாயம் விட்டுச் செல்களை எண்ணினாள். நீலச் சாயம் உயிருள்ள செல்லுக்குள் போகாது, செத்ததற்குள் தாராளமாகப் போகும். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரே நீலம். அடுத்த குழியும் நீலம். வீக்கம் அடங்கவில்லை, செல்கள்தான் மொத்தமாகச் செத்துக் கிடந்தன. மறுபடியும் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அந்த இலையைக் குடிச்சிட்டியா?"

"அரைச்சு வடிகட்டி டம்ளர் கையில இருக்கு. ஏண்டி?"

"கொட்டிடு! நான் சரியாப் பாக்காம சொல்லிட்டேன். அது செல்லையே கொன்னிருக்கு."

"நேத்துலேருந்து மாத்திரையும் போடலையேடி நான்."

"இப்பவே போடுக்கா. தப்பு என்னோடதுதான்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. "சரி, இரு" என்றாள் அக்கா. எதையோ கொட்டும் சத்தம். பிறகு மாத்திரை டப்பாவின் மூடி வழுக்கும் சத்தம். மறுபடியும் வழுக்கியது.

"மாமா இல்லையா?"

"வேலைக்குப் போயாச்சு. போனை வச்சிடாதே, திறந்துடுவேன்."

தங்கை அசையாமல் நின்று கேட்டாள். பாழாய்ப்போன மூடி, அதற்கு இத்தனை நேரமா! கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் மூடி தரையில் விழுந்து உருண்டது.

"திறந்துட்டேன்" என்றாள் அக்கா, மூச்சு வாங்க. "அடுத்த தடவை எண்ணிட்டுச் சொல்லு. சொல்லாம மட்டும் இருந்துடாதே."