கடைசியாக யாருக்குப் பாடினாள் நாகஜோதி

1

திருடியதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திருநகர் பேருந்தில் முன் இருக்கைப் பெண் ஒருத்தி, "எனக்கு வேணாம்டி, நான் அத விட்டே போறேன்" என்று போனில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புருஷனைச் சொல்கிறாளாக்கும் என்று காதைத் தீட்டினேன். அவள் விட நினைத்தது வீடியோ போடும் ஓர் ஆப்பை. அவளுக்கு நாகஜோதி என்று பெயர் வைத்தேன். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

பச்சை வயல் சூழ்ந்த திருவாதவூரில் அந்திச் சூரியன்...

(வேண்டாம். காலண்டர் படம் மாதிரி இருக்கிறது.)

நாகஜோதி திருநகரில் தையல் மிஷினை நிறுத்திவிட்டு ஒரு பாட்டை எடுத்துவிடுவாள். திருவாதவூரில் நூறுநாள் வேலைக்குப் போகும் முத்துமீனா அதற்கு எசப்பாட்டுப் பாடுவாள். ஆப் இருவரையும் ஒரே திரையில் பாதி பாதியாக ஒட்டிக் காட்டும். சாதி வேறு, நேரில் பார்த்ததும் இல்லை. ஆனாலும் முத்துமீனா இருமினால் நாகஜோதிக்குச் சோறு இறங்காது. [எழுதுகிற எனக்கே பொறாமையாக இருக்கிறது.]

3

நாகஜோதியின் சாதிக்காரன் ஒருவன் அரிவாளைத் தூக்கிக் காட்டி, முத்துமீனாவின் சனத்தை இழித்துப் பாடி வீடியோ போட்டான். ஒரு பாட்டைப் பதிலில்லாமல் விடுவது நாகஜோதியின் பிறவியிலேயே கிடையாது. அவன் பாதிக்குப் பக்கத்துப் பாதியில் நின்று, நறுக்கென்று எசப்பாட்டுப் பாடிவிட்டாள்.

குடி கெட்டது. அவளைப் பார்க்க வந்தவர்களெல்லாம் அவனையும் பார்த்தார்கள். ஆப்புக்கு எது வசவு, எது வாழ்த்து என்று தெரியாது; கூட்டம் கூடியதென்று அவனையும் நாலு பேருக்குக் காட்டியது. அரிவாள்காரர்கள் வரிசைகட்டி வந்தார்கள், முத்துமீனாவின் பக்கத்துக்கும். அங்கே அவர்கள் எழுதியதை நான் எழுதமாட்டேன்.

4

முதல் முடிவு: நாகஜோதி கணக்கை அழிக்கிறாள், கை சுத்தம். (முத்துமீனா அங்கே தனியாக நிற்கிறாள்.)

இரண்டாம் முடிவு: அங்கேயே இருந்து போராடி, கடைசியில் அவர்களை...

(எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

அதற்குள் நாகஜோதியே முத்துமீனாவுக்குப் போன் போட்டுவிட்டாள்.

"இந்த ஆப்ப விட்டு நீயும் வந்துருடி. நம்ம போன்ல பாடிக்கிருவோம்."

"போன்ல நீ மட்டுந்தானக்கா கேப்ப. எங்கூர்ல என்னைய யாரு பாடச் சொன்னா? இங்கனதான் அம்புட்டுப் பேரு கேக்குறாக."

"அந்தப் பயலுக உன்னைய வையிறதப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியலடி."

"எனக்கு மட்டும் இனிக்குதா?" என்றாள் முத்துமீனா. "போறதுன்னா போக்கா, கோவிக்க மாட்டேன். ஆனா கடைசியா நீ அந்த அருவாக்காரனுக்குத்தான பாடியிருக்க. எனக்கு ஒண்ணு பாடிட்டுப் போ."

5

நாகஜோதி தொண்டையைக் கனைக்கிறாள். பாடி முடித்தபின் கணக்கை அழிப்பாளா, அடுத்த எசப்பாட்டுக்குக் காத்திருப்பாளா? எதைச் சொன்னாலும் அவள் வாயில் நான் பாடுவதாகிவிடும். முத்துமீனாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே முடிக்கத் தெரிந்தவர்கள் முடித்துக்கொள்ளுங்கள். என்னால் ஆகவில்லை.