சாப்பாட்டு மணிக்குப் பிறகு

அதிகாரி கொடுத்தனுப்பிய தாளைத் திருமலைசாமி மூன்றாம் முறையாகப் படித்தார். ‘பகல் 12.50 மணிக்கு, அலுவலக நேரத்தில், தட்டச்சர் சென்னியம்மாள் சங்கச் சுற்றறிக்கையை உரக்கப் படித்து வேலைக்கு இடையூறு செய்ததை நேரில் கண்டேன்.’ கீழே தலைமை எழுத்தர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. தலைமை எழுத்தர் அவர்தான்.

ஆர்.எஸ்.புரத்து அந்த அரசு அலுவலகத்துக்கு அதிகாரி வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வந்த வாரமே டீ குடிக்கிற அறையிலிருந்த சங்க அறிவிப்புப் பலகையைக் கழற்றச் சொன்னார். பலகை வைத்துக்கொள்ளத் துறையே கொடுத்த உத்தரவின் நகலைச் சங்கச் செயலாளர் சென்னியம்மாள் கொண்டுபோய் நீட்டினார். “பாக்கறேன்” என்றார் அதிகாரி. பார்க்கவில்லை. பலகையைக் கழற்றியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் திருமலைசாமி. அவரும் சங்கத்தில் உறுப்பினர்தான்.

பிறகுதான் சங்கத்திலிருந்து அந்தச் சுற்றறிக்கை வந்தது. பத்து வருஷத்துக்கு மேல் பகுதிநேரமாகக் கூட்டிப் பெருக்குகிறவர்கள் மாதக் கடைசிக்குள் மனுக் கொடுத்தால் வேலையை நிரந்தரமாக்குவார்களாம்; விட்டால் அடுத்த வருஷம்தான். அந்தக் கட்டடத்தில் அப்படி ஏழு பேர். நஞ்சம்மாள் பதினாலு வருஷமாக வருகிறாள். கெடுவுக்கு இரண்டு நாள் இருந்தபோது, சாப்பாட்டு அறையில் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்து சென்னியம்மாள் அதை முழுக்கப் படித்துக் காட்டினார். ஏழு பேரும் மனுக் கொடுத்தார்கள். சென்னியம்மாளுக்கு மெமோ வந்தது.

அன்றைக்கு ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்ததும், சென்னியம்மாள் படிக்கத் தொடங்கியபோது திருமலைசாமி தூக்குப்போசியைத் திறந்து பாதிச் சோறு தின்றிருந்ததும் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அவருடைய பதவி உயர்வுக் கோப்பு அதிகாரியின் மேசையில் இருந்தது. அதுவும் நினைவிருந்தது.

சென்னியம்மாள் அவர் மேசைப் பக்கம் வந்து நின்றார்.

“ஏனுங்ணா, உங்களைச் சாட்சி கேட்டிருக்காங்களாமா?”

“ஆமாங்கம்மிணி.”

“உங்க பைலு அவருகிட்ட இருக்குதுன்னு தெரியுமுங்க. நான் ஒண்ணுங் கேக்க வரலீங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கேட்டிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். கோபத்திலேயே கையெழுத்தும் போட்டிருக்கலாம். திருமலைசாமி வெகுநேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். பிறகு 12.50ஐ அடித்து 1.10 என்று எழுதினார். ‘அலுவலக நேரத்தில்’ என்பதை அடித்துச் ‘சாப்பாட்டு நேரத்தில்’ என்று திருத்தினார். இடையூறை முழுக்க அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அதிகாரி தாளைப் பார்த்தார். “யோசிச்சுத்தான் எழுதுனீங்களா?”

“மணி அடிச்சதுக்கப்புறந்தானுங்க படிச்சாங்க. நான் அங்கதான் சோறு தின்னுட்டிருந்தனுங்க.”

அதிகாரி தாளை மடித்து இழுப்பறையில் போட்டார். மெமோவைப் பற்றிய பேச்சு அப்படியே அடங்கிப்போனது. பலகை திரும்பி வரவில்லை. அடுத்த மாதம் திருமலைசாமிக்குச் சென்னிமலைக் கிளைக்கு மாற்றல் உத்தரவு வந்தது, பதவி உயர்வு இல்லாமல். “அங்க காத்து நல்லா இருக்குமுங்க” என்று அவரே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டார்.

முதல் நாள் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அலுவலகம் திறந்திருக்கவில்லை. தெருவில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. படியில் உட்கார்ந்தார். வாசல் கூட்டிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் வந்து, “காலைக் கொஞ்சம் எடுத்துக்குங்க” என்றாள். எடுத்துக்கொண்டார்.

“ஏனுங்கம்மா, இங்க எத்தன வருசமா வர்றீங்க?”

அவள் விளக்குமாற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள்.