காக்காய்க்கு அது என்ன முறை

தட்டிப் பார்க்காமல் குப்பன் எதையும் நம்பியதில்லை. தாம்பரம் யார்டில் கேங்மேனாக இருந்த காலமெல்லாம் தண்டவாளத்தைச் சுத்தியலால் தட்டி, சத்தம் சரியாக வந்தால்தான் அடுத்த அடி வைப்பார். ரிடையரானபோது சுத்தியலை ஆபீசில் திருப்பிக் கொடுத்தார். புத்தியைக் கொடுக்கவில்லை. மாடம்பாக்கத்தில் மாம்பழம் விற்கிறவனிலிருந்து ஓட்டுக் கேட்டு வருகிறவன் வரை எல்லாரையும் ஒரு தட்டுத் தட்டித்தான் பேசுவார்.

அவர் மனைவி தனம் நேர் எதிர். கதவைத் தட்டினவன் யாரானாலும் திறப்பாள், தண்ணீர் கொடுப்பாள், உட்காரச் சொல்வாள். "யாரு எவுருன்னு பாக்க மாட்டியா?" என்று குப்பன் கத்தாத நாள் கிடையாது. போன ஆடியில் அவள் போய்ச் சேர்ந்தாள். கதவைத் தட்டுகிறவர்களும் அதோடு நின்றுபோனார்கள்.

மகன் துரை பின்லாந்தில் டெலிபோன் கம்பெனி ஒன்றில் இன்ஜினீயர். "குளிர்காலம் முடியிற வரைக்கும் எங்களோட வந்து இரு நைனா" என்று போனில் கூப்பிட்டான்.

"தை அமாவாசை வருது. உங்கம்மாவுக்கு மொத தை அமாவாசை. அங்க காக்கா கீதா?"

"காக்கா இல்லாத ஊரு ஏது நைனா."

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் குப்பன் விமானம் ஏறினார். துரை இருந்த ஊரில் காக்காய் இருந்தது, பொய் இல்லை. சாம்பல் சட்டை போட்ட மாதிரி ஒன்று குப்பைத் தொட்டிமேல் உட்கார்ந்திருந்ததை வந்த மறுநாளே பார்த்துவிட்டார். அதோடு அந்தக் கவலையை விட்டார்.

ஆனால் துரை அமாவாசையை மறந்துவிட்டான். அந்த வாரமே லீவு போட்டு, பனி பார்க்க, கலைமான் பார்க்க, பறவை பார்க்க என்று இன்னும் வடக்கே ஒரு காட்டுக்கு எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனான். ஏரிக்கரையில் மரவீடு. பறவை காட்டுவதற்கு ஆர்வோ என்று ஒரு செம்பட்டைத் தாடிக்காரன்.

ஏரி என்றார்களே தவிர, தண்ணீரைக் காணோம். அதன்மேல் கார் ஓடியது. "கீழ தண்ணி கீதுன்றான். எவன் பாத்தான்?" என்று குப்பன் பூட்ஸ் குதிகாலால் நாலு உதை உதைத்தார். பிறகு குனிந்து, குல்லாயை விலக்கிக் காதை வைத்தார். அடியில் தூரத்தில் ஏதோ நீளமாக முனகிக்கொண்டு வந்தது.

"வண்டி வருதுடா" என்றார்.

ஐஸ் விரிகிற சத்தம் அது என்று ஆர்வோ சொன்னான். குப்பன் நம்பவில்லை. ஆனால் இன்னும் இரண்டு முறை போய்க் காது வைத்துக் கேட்டார்.

அமாவாசை அன்று காலை மருமகள் பேபி சோறு பொங்கி, பருப்பு வைத்து, வடை சுட்டாள். குப்பன் ஒரு பேப்பர் தட்டில் எடுத்துப்போய் வாசல்படிக் கைப்பிடிக் கட்டைமேல் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டார். மரமெல்லாம் வெள்ளையாக நின்றது. ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் உள்ளே போய்த் திரும்பி வந்து பார்த்தால் சோறு கல்லாகிவிட்டிருந்தது. விரலால் தட்டினார். டிக் என்றது.

"இத்த தின்னா அலகு ஒடஞ்சிடும்."

துரை ஆர்வோவிடம் கேட்டான். ஆர்வோ முதலில் சிரித்தான். உலகத்தின் மூலை முடுக்கிலிருந்து ஆந்தை பார்க்க வருகிறார்கள், காக்காய் கேட்டு எவனும் வந்ததில்லையாம். இந்தக் குளிருக்கு அதெல்லாம் ஊர்ப்பக்கம் போய்விடும், காட்டில் இருக்காது என்றான்.

"நைனா, நீ சாப்டு. ஊருக்குத் திரும்பினதும் வச்சிக்கலாம்."

"இன்னிக்கு அமாவாசையா, ஊருக்குப் போற அன்னிக்கு அமாவாசையா?"

துரை பேபியைப் பார்த்தான்.

"மாமா, காப்பியாவது குடிங்க. இந்தக் குளிர்ல வெறும் வயிறா நிக்கக்கூடாது" என்றாள் பேபி.

"அவ குடிச்சாளா? மொதல்ல அவளுக்குப் போய்ச் சேரட்டும்."

அங்கே சூரியன் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற ஆள். இருட்டுவதற்குள் காக்காய் வாய் வைக்காவிட்டால் தனத்துக்கு இந்த அமாவாசை பட்டினிதான். குப்பன் சூடான சோறும் வடையும் ஒரு தூக்கில் போட்டு மூடி, அதைக் கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மற்றவர்களோடு காட்டுக்குள் நடந்தார்.

ஆந்தை கிடைத்தது. காய்ந்த மர உச்சியில் பட்டப்பகலில் உட்கார்ந்து தலையை முழுசாகத் திருப்பிப் பார்த்தது. துரை பைனாகுலரைக் கொடுத்தான்.

"ராத்திரி வர்றது பகல்ல குந்திகினு கீது. சோறு துன்னுமா?"

"எலிதான் துன்னும் நைனா."

குப்பன் பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்தார். கொடுத்த பிறகும் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். கழுத்து எப்படி அப்படிச் சுற்றுகிறது என்று புரியவில்லை.

அப்போது பின்னால் கிளையிலிருந்து பொடி பனி கொட்டியது. பழுப்பு நிறத்தில் ஒரு பறவை. மைனாவைவிடப் பெரிது, வாலில் மட்டும் துருப்பிடித்த இரும்பின் சிவப்பு. அது ஆந்தையைப் பார்க்கவில்லை. குப்பனின் கோட்டைப் பார்த்தது.

"கூக்கெலி" என்றான் ஆர்வோ மெல்ல.

"எலியா?"

பேபி சிரிப்பை அடக்கக் கையுறையைக் கடித்துக்கொண்டாள். ஆர்வோ பையிலிருந்து புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் காட்டி ஏதோ சொன்னான். துரையின் முகம் மலர்ந்தது.

"நைனா, இது காக்கா குடும்பமாம்."

குப்பன் தூக்கைத் திறக்கவில்லை. "குடும்பம்னா? பங்காளியா, சம்பந்தியா?"

"அது வந்து..."

"சம்பந்தின்னா பந்தியில வேணா குந்தலாம். படையல்ல கை வைக்க முடியாது. கேளு அவன."

"இத்த எப்பிடி நைனா இங்கிலீஷ்ல கேக்கறது?"

"இன்ஜினீருக்குப் படிச்சேல்ல."

பேபிதான் கேட்டாள். இரண்டும் ஒரு தாத்தா வழியில் வந்ததா, இல்லை நடுவில் வந்து சேர்ந்த உறவா என்று. ஆர்வோ இப்போது சிரிக்கவில்லை. தாடியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டுக் கொஞ்சம் யோசித்தான்.

"ஒரே தாத்தாதானாம் மாமா. ரொம்பக் காலம் முந்தி. மனுசங்களே இல்லாத காலமாம்."

"அப்போ பங்காளி" என்றார் குப்பன். "தூரத்துப் பங்காளி. தீட்டு கிடையாது, பங்கு உண்டு."

கையுறையைக் கழற்றி, உள்ளங்கையில் சோறும் ஒரு துண்டு வடையும் வைத்தார். கீழே வைக்கக் குனிவதற்குள் அது வந்து அவர் விரலிலேயே உட்கார்ந்துவிட்டது. எடையே இல்லை. நகம் மட்டும் ஊசி மாதிரிக் குளிர்ந்தது. மாடம்பாக்கத்துக் காக்காய் நாலு பக்கம் பார்த்து, தத்தித் தத்தி வந்து, சோற்றைக் கவ்வியதும் ஓடிப்போகும். அது குப்பனுக்குப் பிடித்த சுபாவம். இது அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தது.

"யாரு எவுருன்னு பாக்க மாட்டியா?" என்றார் குப்பன்.

சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. கையை ஆட்டாமல் நின்றார்.

பறவை வடைத் துண்டைக் கவ்விக்கொண்டு பறந்தது. விழுங்கவில்லை. ஒரு மரத்தில் போய்ப் பட்டை இடுக்கில் அதைத் திணித்து, அலகால் நாலு குத்துக் குத்திவிட்டுத் திரும்பி வந்தது. அடுத்த துண்டையும் அப்படியே செய்தது.

"துன்னல நைனா" என்றான் துரை தயங்கி. "ஒளிச்சி வக்கிது. ஆர்வோ சொல்றாரு, அதோட பழக்கமே அதானாம். அப்புறமா துன்னுமாம்."

படையல் சேர்ந்ததா, இல்லையா? எல்லாரும் குப்பனைப் பார்த்தார்கள். குப்பன் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வடை சுட்ட அன்று தனம் சூடாக ஒன்று தின்றதாக அவருக்கு ஞாபகமே இல்லை. தன் பங்கை ரேஷன் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் மூடிவைப்பாள். எவனாவது வருவான், அவனுக்குக் கொடுப்பாள். யாரும் வராவிட்டால் ராத்திரி அவள் தின்பாள்.

முழங்கால் வரை பனியில் புதைந்து அந்த மரத்தடிக்குப் போனார். இடுக்கில் வடை கெட்டியாகச் சொருகி இருந்தது. எடுக்கவில்லை. விரலால் பட்டையை ஒரு தட்டுத் தட்டினார்.

"டேய் தொரை, இங்க யாரும் வந்து இத்த எடுத்துற மாட்டானுங்களே?"

துரை கேட்டுச் சொன்னான். "எடுக்க மாட்டாங்களாம். பனி உருகற வரைக்கும் வச்ச எடம் அதுக்கு மறக்காதாம்."

"உம். அவன் சொல்றான்" என்றார் குப்பன். சுற்றி ஒருமுறை பார்த்து, பக்கத்தில் இருந்த கிளையை இழுத்து இடுக்கை மறைத்துவிட்டார். பிறகு பேபி பக்கம் திரும்பினார்.

"பசிக்குதும்மா. வூட்டுக்குப் போலாமா?"